ஆமை புகுந்த வீடும் உருப்படும்!

"என்னப்பா வேலை பார்க்கிறே?" என்று யாராவது கேட்டால் உன் தலை தானாகக் குனிகிறது. "ஒரு ப்ராஜெக்ட்ல ஃபீல்டு அசிஸ்டென்ட்" என்று முணுமுணுக்கிறாய். "அப்படின்னா?" என்று அடுத்த கேள்வி விழுகிறது. "ஆத்துல ஆமை பிடிச்சு, அளந்து, திரும்ப விடுறது" என்கிறாய். கல்யாணப் பந்தியே சிரிக்கிறது. "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாதுடா" என்று ஒரு பெரியப்பா எடுத்து விடுகிறார். நீயும் அவர்களோடு சேர்ந்து சிரிக்கிறாய்.

அவர்கள் சிரித்ததில் எனக்குக் கோபமில்லை. அவர்களுக்குத் தெரியாது, சிரித்தார்கள். உனக்குத் தெரியுமே! முழங்கால் சேற்றில் நின்று, அட்டை கடித்த காலோடு, ஓர் உயிரின் கணக்கை எழுதிவிட்டு வந்தவன் நீ. தெரிந்த நீ ஏன் சிரித்தாய்?

நிமிர்ந்து உட்கார், தம்பி. நீயும்தான், தங்கச்சி. நீங்கள் செய்யும் வேலை எப்படிப்பட்டது என்று இன்று உங்களுக்கே எடுத்துச் சொல்லப் போகிறேன்.

அரத்தைப் பிடித்த கை

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், ஆன் ஆர்பர் நகரத்துக்குப் பக்கத்தில் ஈ.எஸ். ஜார்ஜ் ரிசர்வ் என்றொரு வனப்பகுதி இருக்கிறது. காடும் சதுப்பும் கலந்த நிலம். மிச்சிகன் பல்கலைக்கழகத்துக்குச் சொந்தம். அங்கே 1953இல் நன்னீர் ஆமைகளைப் பற்றிய ஆய்வு தொடங்கியது. மறு வருஷம், 1954இல், ஒரு பெண் ஆமை பிடிபட்டது. பிளாண்டிங் ஆமை என்ற இனம். தொண்டை பளிச்சென்று மஞ்சளாக இருக்கும். அதன் ஓட்டின் விளிம்புத் தகடுகளில் வலப்பக்கம் மூன்றாவதிலும் இடப்பக்கம் பதினோராவதிலும் அரத்தால் ராவிக் குறி போட்டு, பிடித்த இடத்திலேயே விட்டார்கள்.

சென்னை மாநிலத்துக்குக் காமராஜர் முதலமைச்சரான வருஷம் அது. அதற்குப் பிறகு எத்தனை ஆட்சி வந்தது, எத்தனை போனது! 2016இல் அதே காட்டில் ஒரு ஆமை பிடிபடுகிறது. விளிம்பைத் தடவிப் பார்க்கிறார்கள். வலம் மூன்று, இடம் பதினொன்று. அதே ஆமை! வயது குறைந்தது 83. முறையான பதிவு உள்ள பிளாண்டிங் ஆமைகளில் இதுதான் மிக மூத்தது என்று பல்கலைக்கழகம் அறிவித்தது.

செய்தியைப் படித்தவர்கள் ஆமையின் வயதைக் கண்டு வியந்தார்கள். எத்தனை பேர் 1954இல் அரத்தைப் பிடித்த கையை நினைத்திருப்பார்கள்? அந்தக் கை அன்று அவசரப்பட்டு மேலோட்டமாக ராவியிருந்தால், ஓடு வளர வளர அந்தக் குறி மங்கிப் போயிருக்கும். குறிப்பேட்டில் "வலம் நான்கு" என்று கவனக்குறைவாக எழுதியிருந்தால், 62 ஆண்டு வரலாறு அன்று மாலையே அறுந்திருக்கும். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஏனென்றால் ஒரு மனிதக் கை, ஒரு சாதாரண நாளில், தன் வேலையை ஒழுங்காகச் செய்தது.

விளிம்பில் குறியிடும் இந்த முறையை ஃபிரெட் கேகல் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1939இல் எழுதி வெளியிட்டார். தேவையான கருவி ஒரு சின்ன அரம். தோலுக்கடியில் செலுத்தும் மைக்ரோசிப் வந்துவிட்ட இந்தக் காலத்திலும் உலகம் முழுக்கப் பல ஆய்வுகளில் அரம் ஓய்ந்தபாடில்லை. சிப்பைப் படிக்க மின்கலம் போட்ட கருவி வேண்டும். குறியைப் படிக்க விரல் நுனி போதும்.

இப்போது சொல்: உன் வேலை சின்ன வேலையா?

மழை பெய்யும் இரவில் தெரியும் நீ யார் என்று

கண்ணாடி முன்னால் நின்று "என்னால் முடியும், என்னால் முடியும்" என்று நூறு முறை சொல்லச் சொல்கிறார்கள். சொல்லிப் பார். மூன்றாம் நாள் அந்தச் சூடு ஆறிவிடும். வாயால் வந்த நம்பிக்கை வாயோடு போகும். கையால் வந்த நம்பிக்கைக்குத்தான் ஆயுள் அதிகம். அது எப்படி வருகிறது என்று பார்.

ஆமை பிடிக்கும் வலைக்கூண்டை நீ அறிவாய். வளையங்களைக் கோத்துச் சுற்றிலும் வலை போர்த்தியிருப்பார்கள். வாய் உள்நோக்கிக் குறுகிக்கொண்டே போகும். மீன் வாசத்துக்கு உள்ளே நுழைந்த ஆமைக்கு வெளியே வர வழி தெரியாது. ஆனால் ஆமை நுரையீரலால் மூச்சு விடும் பிராணி. அது தலையை நீட்டி மூச்சு வாங்கக் கூண்டின் மேல்பகுதி தண்ணீருக்கு வெளியே இருந்தாக வேண்டும். அதற்காகத்தான் கம்பு நட்டு இழுத்துக் கட்டுகிறாய். காலி பிளாஸ்டிக் பாட்டிலை உள்ளே போட்டு மிதக்க விடுகிறாய்.

இரவு பத்து மணிக்கு இடி இடிக்கிறது. மேட்டில் மழை பிடித்துவிட்டது, தண்ணீர் ஏறும். ஏறினால் கூண்டு முழுகும். முழுகினால் உள்ளே இருப்பது சாகும். முகாமில் எல்லோரும் போர்வைக்குள். ஆய்வுத் தலைவர் வேறு ஊரில். நீ போகாவிட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. காலையில் "மழையில் என்ன செய்ய முடியும், சார்" என்றால் முடிந்தது.

நீ எழுந்திருக்கிறாய். பக்கத்தில் படுத்திருப்பவனைத் தட்டி எழுப்புகிறாய். ஏனென்றால் ராத்திரியில் தனியாகத் தண்ணீரில் இறங்குவது வீரமில்லை, முட்டாள்தனம். டார்ச்சை எடுத்துக்கொண்டு இருவரும் நடக்கிறீர்கள்.

யாரும் பார்க்காத அந்த நடையில்தான் நீ உருவாகிறாய்! அப்படி ஒரு முறை போய் வந்தவனை எந்தப் பந்தியில் எவன் சிரித்தும் ஒன்றும் செய்ய முடியாது. தான் எப்படிப்பட்டவன் என்று அவன் நேரில் பார்த்துவிட்டான்.

காலையில் வேலை தொடர்கிறது. காலிப்பரை வைத்து ஓட்டின் நீளத்தை மில்லிமீட்டரில் எடுக்கிறாய். வயிற்றுத் தகட்டை அளக்கிறாய். ஸ்பிரிங் தராசில் பையோடு தொங்கவிட்டு எடை பார்த்து, பையின் எடையைக் கழிக்கிறாய். வாலின் நீளத்தையும் பருமனையும் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்கிறாய். பெண் என்றால் பின்னங்காலுக்கு முன்னுள்ள குழியில் விரலை மெல்ல வைத்து, உள்ளே முட்டை தட்டுப்படுகிறதா என்று உணர்கிறாய். ஆமை பிராண்டுகிறது, நாற்ற நீரைப் பீய்ச்சுகிறது, சமயம் பார்த்துக் கடிக்கவும் செய்கிறது. நீ பதறாமல் தாளில் பென்சிலால் எழுதுகிறாய். பேனா மை ஈரத்தில் கரைந்துவிடும் என்று உனக்குத் தெரியும்.

ஒரு மில்லிமீட்டரைக் கூட்டி எழுதினால் கண்டுபிடிக்க ஆளில்லை. அளக்காத ஆமையை அளந்ததாக எழுதினாலும் கண்டுபிடிக்க ஆளில்லை. ஒரு நாள் முழுக்க எல்லாக் கூண்டும் காலியாக இருந்தால் "பூஜ்யம்" என்று எழுதக் கை கூசும். எழுது! ஆமை இருந்த குளத்தில் ஆமை இல்லாமல் போனதை உலகுக்குச் சொல்லப் போவது அந்தப் பூஜ்யம்தான். பொய்யாக ஒன்று போடுகிறவன் கோழை. உண்மையாகப் பூஜ்யம் போடுகிறவன் தன் மேல் நம்பிக்கை உள்ளவன்.

எத்திராஜ் கல்லூரி மாணவி ஒருத்தி

இதெல்லாம் வெளிநாட்டுக் கதை, நமக்கு ஒத்துவராது என்கிறாயா? சென்னைக்கு வா.

1912இல், சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த ஜே.ஆர். ஹெண்டர்சன், கொச்சி சமஸ்தானத்துக் காட்டிலிருந்து வந்த ஒரு சிற்றாமையை முதன்முதலாக அறிவியல் உலகுக்கு விவரித்தார். உள்ளங்கையைவிடச் சற்றே பெரிய பிரம்பு ஆமை. அதற்குப் பிறகு எழுபது ஆண்டுகள் எந்த ஆய்வாளர் கண்ணிலும் அது படவில்லை.

1978இல், எத்திராஜ் கல்லூரியில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்த ஒரு மாணவி சென்னை பாம்புப் பண்ணையில் தன்னார்வலராகச் சேர்ந்தார். பெயர் ஜே. விஜயா. படிப்பை முடித்ததும் ஆமையே அவருடைய வாழ்க்கையாகிவிட்டது. நாட்டின் பல பகுதிகளில் நன்னீர் ஆமைகளைத் தேடி அலைந்தார். எங்கே பிடிக்கிறார்கள், எந்தச் சந்தையில் இறைச்சிக்கு விற்கிறார்கள் என்று நேரில் போய்ப் பார்த்துக் குறித்தார். வங்கத்தின் டிகா கடற்கரையில் பங்குனி ஆமைகள் கொன்று குவிக்கப்பட்டதைப் பதிவு செய்தார். 1982இல் கேரளத்துச் சாலக்குடிப் பக்கத்துக் காட்டில் பிரம்பு ஆமையைக் கண்டுபிடித்து, எழுபது ஆண்டு மௌனத்தை உடைத்தார். கண்டதோடு நிற்கவில்லை. காட்டுக்குள்ளேயே ஒரு குகையில் தங்கி, அந்த ஆமை என்ன தின்கிறது, எப்போது நடமாடுகிறது, எங்கே ஒண்டுகிறது என்று கவனித்து எழுதினார். இந்தியாவின் முதல் பெண் ஊர்வன ஆய்வாளர் என்று இன்று அவரைக் குறிப்பிடுகிறார்கள்.

யோசித்துப் பார், தங்கச்சி. எண்பதுகளின் தொடக்கம். கைப்பேசி கிடையாது. காட்டில் ஜீ.பி.எஸ். கிடையாது. இருட்டிய பிறகு தெருமுனைக்குப் போனாலே கேள்வி கேட்கும் ஊர். அந்தக் காலத்தில் இருபதுகளில் இருந்த ஒரு பெண், ஒரு கையளவு ஆமைக்காகக் காட்டில் தங்கினார். முன்மாதிரி காட்ட அவருக்கு முன்னால் ஒரு பெண் இல்லை. நீ இன்று "எனக்கு வழிகாட்ட யாருமில்லையே" என்று சோர்கிறாய். அவருக்கும் இல்லை. அவரே வழியானார்!

1987இல், முப்பதைத் தொடும் முன்பே அவர் மறைந்தார். 2006இல் ஆய்வாளர்கள் அந்த ஆமையைத் தனிப் பேரினமாகப் பிரித்து "விஜயாகெலிஸ்" என்று பெயர் சூட்டினார்கள். அவர் பெயர் இப்போது ஓர் உயிரினத்தின் பெயரில் நிற்கிறது. அந்தப் பெயரை அவர் பார்க்கவில்லை. அதை எதிர்பார்த்தும் காட்டுக்குப் போகவில்லை. ஆமை இருக்கிறதா இல்லையா என்று தெரிந்தாக வேண்டும், அதற்காகப் போனார். கைதட்டல் வந்தால்தான் வேலை செய்வேன் என்று உட்கார்ந்திருப்பவனே, கேட்டாயா?

பட்டம் இல்லையா? கண் இருக்கிறதா?

இந்தக் கதையில் இன்னொரு பாதி உண்டு. விஜயாவுக்கு அந்த ஆமையைக் கண்டடையத் துணை நின்றவர்கள் காடர்கள், அந்த மலையின் பழங்குடி மக்கள். அறிவியல் உலகம் எழுபது ஆண்டு தொலைத்த ஆமையைக் காடர்கள் ஒருநாளும் தொலைக்கவில்லை. எந்த ஈரச் சருகைப் புரட்ட வேண்டும், எந்தப் பாறை இடுக்கில் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் கண்ணில் இருந்தது. எந்தப் பல்கலைக்கழகமும் அந்தக் கண்ணுக்குச் சான்றிதழ் கொடுத்ததில்லை. அந்தக் கண் இல்லாமல் 1982இன் கண்டுபிடிப்பும் இல்லை.

வடக்கே சம்பல் ஆற்றுக்குப் போ. இனப்பெருக்கக் காலத்தில் ஆணின் தலையில் சிவப்பும் நீலமும் பூக்கும் செந்தலை ஆமை வாழும் ஆறு. பெண்ணின் ஓடு அரை மீட்டரைத் தாண்டும்; ஆண் அதில் ஏறக்குறைய பாதிதான். உலகிலேயே மிக அருகிப்போன ஆமைகளில் ஒன்று. அது மணல்திட்டில் முட்டையிட்டு மூடிவிட்டுப் போன பிறகு, எந்த இடத்து மணல் மட்டும் கலைந்திருக்கிறது என்று படித்துச் சொல்பவர்களில் பலர் கரையோர ஊர்க்காரர்கள். நரி மோப்பம் பிடித்துத் தோண்டும் முன்பே முட்டைகளை எடுத்து, வேலியிட்ட மணலில் புதைத்துக் காவல் இருக்கிறார்கள். குஞ்சு பொரித்ததும் ஆற்றில் விடுகிறார்கள்.

"நான் பிளஸ் டூதான்", "எனக்கு இங்கிலீஷ் வராது", "நான் கிராமத்துப் பையன்" என்று நீ அடுக்குகிற குறைகளை இந்த மணல்திட்டில் கொண்டுபோய் வை. ஒன்றும் நிற்காது. ஏரிக்கரையில் வளர்ந்த உனக்கு எந்த மடையோரம் ஆமை வெயில் காயும் என்று தெரியும். நகரத்திலிருந்து வருகிற முனைவர் அதை உன்னிடம்தான் கேட்க வேண்டும். இங்கிலீஷைக் கற்றுக்கொள்ளலாம், ஆறு மாதம் போதும். அந்தக் கண் வர இருபது வருஷம் ஆகும். உன்னிடம் ஏற்கெனவே இருக்கிறது!

"ஆமை வேகம்" என்று ஏளனம் செய்கிறார்களா?

சொல்லட்டும். ஆமையின் வேகத்துக்கு ஈடுகொடுக்க மனிதனால் முடியவில்லை என்பதுதான் உண்மை.

பிளாண்டிங் ஆமை பருவத்துக்கு வரவே 14 முதல் 20 ஆண்டுகள் ஆகும். மூன்று வருஷ ப்ராஜெக்டில் அதைப் பற்றி என்ன தெரிந்துவிடும்? ஜார்ஜ் ரிசர்வில் ஒரு தலைமுறை விட்டதை இன்னொரு தலைமுறை தொடர்ந்தது. அப்படிச் சேர்ந்த பதிவுகளை வைத்து ஜஸ்டின் காங்டனும் அவருடைய கூட்டாளிகளும் 1993இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். முட்டையைக் காப்பாற்றினால் மட்டும் ஆமை பிழைக்காது, வளர்ந்த ஆமைகள் சாகாமல் இருக்க வேண்டும் என்று அது எண்களால் நிறுவியது. வட்டியில் ஓடும் குடும்பம் முதலில் கை வைத்தால் என்ன ஆகும்? வளர்ந்த பெண் ஆமைகள்தான் முதல். சாலையில் அடிபட்டும், சட்டிக்குப் போயும், கூண்டில் அடைபட்டும் வருஷத்துக்குச் சில குறைந்தாலே கூட்டம் சரியத் தொடங்கும்.

கனடாவின் அல்கோங்குவின் பூங்காவில் 1972 முதல் ஸ்னாப்பிங் ஆமைகளைக் கணக்கெடுத்து வருகிறார்கள். எண்பதுகளின் பிற்பகுதியில், பனிக்காலத்தில் நீரடியில் ஒடுங்கிக் கிடந்த ஆமைகளை நீர்நாய்கள் கொன்றன. வளர்ந்த ஆமைகள் பெருமளவில் அழிந்தன. இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்துப் பார்த்தபோதும் அந்தக் கூட்டம் மீளவில்லை. இந்த உண்மையை யார் சொன்னது? வருஷம் தவறாமல் வெயிலிலும் கொசுக்கடியிலும் நின்று உயிரோடிருந்ததையும் செத்துக் கிடந்ததையும் எண்ணிய களப்பணியாளர்களின் தாள்கள் சொன்னன. அவர்களில் பலர் ஒரு பருவத்துக்கோ இரண்டு பருவத்துக்கோ வந்துபோன இளைஞர்கள், உன்னைப் போல.

நீ இரண்டு பருவம் மட்டும் நின்றாலும் போதும். சங்கிலியில் உன் கண்ணி அறாமல் இருந்தால் அடுத்தவன் பிடித்துக்கொள்வான். எல்லாவற்றையும் நானே தொடங்கி நானே முடித்து நானே மாலை வாங்க வேண்டும் என்கிற ஆசைக்குத் தன்னம்பிக்கை என்று பெயர் வைக்காதே. அது தற்பெருமை. எனக்குப் பிறகு வருபவன் நம்பி எடுத்துக்கொள்ளும்படி என் பங்கைச் செய்வேன் என்கிறவனுக்குத்தான் உண்மையான திமிர் உண்டு. அந்தத் திமிர் உனக்கு வேண்டும்!

தலை நிமிர்ந்தால் போதாது, வாயையும் திற

சம்பளம் குறைவுதான். ஒப்பந்தம் பருவத்தோடு முடியும். மறைத்துப் பேச மாட்டேன். ஆனால் "சேவை" என்று தோளைத் தட்டிக் கூலியைக் குறைக்கிறவரிடம் பல்லைக் காட்டாதே. வேலையை மதிக்கிறவன் அதன் கூலியையும் மதிப்பான். பயணப்படி, சாப்பாடு, காப்பீடு எல்லாம் உண்டா என்று சேரும் முன்பே கேள். ஆய்வு வெளியாகும்போது நன்றி சொல்லும் இடத்தில் உன் பெயர் வருமா என்று கேள். உன் பங்கு பெரிதாக இருந்தால் ஆசிரியர் வரிசையிலேயே இடம் கேள். கேட்பதில் அவமானம் ஒன்றுமில்லை. கேட்காமல் பத்து வருஷம் புழுங்குவதுதான் அவமானம்.

இன்னும் களத்தில் இறங்காமல் கரையில் நின்று யோசிக்கிறவனா நீ? இன்றே தொடங்கு. நம் ஏரியிலும் வயல் கால்வாயிலும் பாலாமை இருக்கிறது. அதைத் தொடாதே; வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972 காக்கும் உயிர் அது. அனுமதியில்லாமல் பிடிப்பது குற்றம். ஆனால் கரையில் உட்கார்ந்து பார்ப்பதை எந்தச் சட்டமும் தடுக்காது. எத்தனை வெயில் காய்ந்தன, எந்த நேரத்தில், தண்ணீர் எவ்வளவு இருந்தது என்று எழுது. நீந்தக் கற்றுக்கொள். முடிச்சுப் போடக் கற்றுக்கொள். வரைபடம் படிக்கவும் எக்செல்லில் கணக்கு ஏற்றவும் கற்றுக்கொள். படிக்க விருப்பமா? மயிலாடுதுறைப் பக்கம் மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியில் வன உயிரியல் துறை இருக்கிறது. கோவை ஆனைகட்டியில் சாலிம் அலி மையம் இருக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலி முதலைப் பண்ணை இருக்கிறது. டேராடூனில் இந்திய வன உயிர் நிறுவனம் இருக்கிறது. கதவைத் தட்டு. திறக்கவில்லையா? மறுபடி தட்டு. நிரம்பிய குறிப்பேடு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு தட்டுகிறவனை வெகுநாள் வாசலில் நிறுத்த முடியாது!

ஒவ்வொரு களத் தாளிலும் "பதிவு செய்தவர்" என்று ஒரு கட்டம் இருக்கும். பெரும்பாலானவர்கள் அதில் ஒரு எழுத்தைக் கிறுக்கிவிட்டுப் போகிறார்கள். நீ அப்படிச் செய்யாதே. உன் பெயரை முழுசாக, எவரும் படிக்கும்படி எழுது. "இந்தத் தாளில் உள்ள ஒவ்வொரு எண்ணுக்கும் நான் பொறுப்பு, ஐம்பது வருஷம் கழித்து வந்து கேட்டாலும் பொறுப்பு" என்று சொல்லிக்கொண்டே எழுது. அப்படி எழுதக் கை நடுங்கினால், போய் இன்னொரு முறை அளந்துவிட்டு வா. நடுங்கவில்லையா? அடுத்த ஆமையை எடு!